ஆறாவது வாத்தின் தாய் தகப்பன்

சுதாகரன் எந்தப் பிராணியையும் முதலில் பின்பக்கமாக நின்றுதான் பார்ப்பார். மாட்டை மட்டுமல்ல. படலையைத் திறக்கும்போது நாய் குரைத்துக்கொண்டு ஓடிவந்தால், அது களைத்துத் திரும்பும்வரை அசையாமல் நிற்பார். அதன் இடுப்பையும் வால் முளைக்கும் இடத்தையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்காரரைக் கூப்பிடுவார். "முகத்தைப் பாத்து ஏமாறக்கூடாது. பின்னுக்கு வாங்கோ, அங்கை பொய் இல்லை" என்பது அவருடைய பேச்சு.

வீடு இணுவிலில். வயது நாற்பத்தாறு. மாடுகளுக்குச் சினையூசி போடுவது அரசாங்க உத்தியோகம். இருபத்திரண்டு வருடமாக அதே வேலை, அதே சிவப்பு மோட்டார்சைக்கிள். பின் இருக்கையில் பழைய ரியூப் பட்டிகளால் இறுக்கிக் கட்டிய, காளை விந்தை உறையவைத்த நைதரசன் கான். அதன் மூடியைத் திறந்தால் வெண்புகை எழும். சனம் அவரை "மாட்டு டொக்டர்" என்று கூப்பிடும், அவரும் சளைக்காமல் திருத்துவார்: "டொக்டர் வேறை ஆள். நான் ஊசி போடுறவன்." வலது கைச் சட்டையைத் தோள்வரை சுருட்டி, இடது உள்ளங்கையை மாட்டின் முதுகில் வைத்து, "கொஞ்சம் பொறம்மா, இந்தா முடிஞ்சுது" என்று அதனோடு மெல்லிய குரலில் கதைத்துக்கொண்டே வேலையை முடிப்பார். பிறகு கையை மூன்று தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவுவார். வீட்டார் தரும் வெறுந்தேத்தண்ணியை, உள்ளங்கையில் சீனி வைத்து நக்கிக்கொண்டு குடிப்பார். கடைசியில் மாட்டின் அட்டையில் தகப்பன் காளையின் இலக்கத்தைப் பள்ளிக்கூடப் பிள்ளையின் உறுப்பெழுத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார்.

கன்று பிறந்த பிறகுதான் வில்லங்கம் வரும். "ஜேர்சி எண்டு சொன்னியள், இதென்ன நாட்டுக் கண்டு மாதிரிக் கிடக்கு?" என்று மானிப்பாய்ப் பக்கமிருந்து தொலைபேசி வரும். சுதாகரன் போவார். கன்றின் பின்னால் குந்தியிருந்து குளம்பைப் பார்ப்பார், காதைத் தடவுவார், கழுத்துத் தொங்கலை இரண்டு விரலால் இழுத்து விடுவார். "இது என்ரை காளை இல்லை. உங்கடை பசு எனக்கு முன்னமே வேலி பாஞ்சிட்டுது. மேற்காலை ஆரிட்டையோ வெள்ளை நாம்பன் ஒண்டு நிக்குது, போய்ப் பாருங்கோ." வீட்டுக்காரர் கோபிப்பார். இரண்டு நாள் கழித்து அதே வீட்டிலிருந்து அசட்டுச் சிரிப்போடு இன்னொரு அழைப்பு வரும்.

ஆனால் மனிதக் குழந்தையை அவர் பார்க்க மாட்டார். பிள்ளை பிறந்த வீட்டுக்குப் போனால் சாமான் பையைக் கொடுத்துவிட்டு, தொட்டில் இருக்கும் அறைக்கு முதுகு காட்டிக்கொண்டு இருப்பார். அதற்குக் காரணம் உண்டு. ஆறு வருடத்துக்கு முன் தூரத்து உறவு வீடொன்றில் முப்பத்தோராம் நாள் விசேஷம். குழந்தையைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தார்கள். அவர் பழக்க தோசத்தில் அதன் காதுமடலைத் தடவிப் பார்த்து, "இந்தக் காது இஞ்சை ஒருத்தருக்கும் இல்லையே" என்று சொல்லிவிட்டார். பகிடியாகக்கூடச் சொல்லவில்லை, வாயில் வந்தது. மாமியார்க்காரி பக்கத்தில் நின்றாள். அந்த வாரமே வீட்டில் பேச்சு வளர்ந்தது. அடுத்த மாதம் பிள்ளையின் தாய் தன் தாய் வீட்டுக்குப் போனாள். ஒன்றரை வருடம் கழித்துக் கனடாவிலிருந்து ஒரு பழைய படம் வந்தது. அதிலே பிள்ளையின் தாயின் பாட்டனார் இருந்தார், அதே காதோடு. குடும்பம் மறுபடி சேர்ந்தது என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் அந்தப் பெண் சுதாகரனை எங்கே கண்டாலும் தெருவின் மற்றப் பக்கத்துக்கு மாறிவிடுவாள்.

அன்றிலிருந்து, எல்லாத் தலைமுறையையும் பார்க்காமல் வாய் திறப்பதில்லை என்று அவருக்கு ஒரு கட்டுப்பாடு. இந்த வருடம் பொங்கல் கழிந்த நாலாம் நாள் அந்தக் கட்டுப்பாட்டுக்குச் சோதனை வந்தது.

காலை ஆறரைக்கு அழைத்தவர் கமலாவதி. அராலிக்குத் தெற்கே பரவைக்கடல் ஓரத்துக் குறிச்சிக்குக் கிராம சேவகர். சுதாகரனுக்குப் பல வருடப் பழக்கம். "சுதா, உடனை வாரும். மாடு இல்லை, வாத்து" என்றார்.

போனபோது வாடைக்காற்று அடித்துக்கொண்டிருந்தது. வயல் முடிந்து சேறு தொடங்கும் இடத்தில், கரையோரப் புல்லில், தாராவைவிடப் பெரிய, நீண்ட கழுத்துள்ள ஆறு வாத்துகள் மேய்ந்தன. அவற்றுக்கு இருபது யார் தூரம் தள்ளி, நாலு கம்புகளின் உச்சியில் ஒரு பழைய மீன்வலை பந்தல்போல் விரிந்து நின்றது. வலையைத் தூக்கிப் பிடித்திருந்தது ஒரேயொரு கயிறு. அந்தக் கயிற்றின் மறு நுனி, கரையிலிருந்த கட்டையில் ஒரு சுற்றுச் சுற்றி, ஒரு கிழவனின் கையில் இருந்தது. கயிற்றை விட்டால் வலை விழும்.

அவர் கனிசியஸ். அறுபத்திரண்டு வயது, நண்டுத் தொழில். சாரத்தை மடித்துக் கட்டி, வெறும் மேலில் செபமாலையோடு குந்தியிருந்தார். அவருக்கும் வலைக்கும் இடையில், முழங்கால்வரை சேற்றோடு ஓர் இளம் பெண் நின்றாள். பெயர் தர்சினி, பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படிப்பிப்பவள். அவளுடைய முக்காலி சரிந்து கிடந்தது. தொலைநோக்கியைக் கைக்குழந்தைபோல் அணைத்து வைத்திருந்தாள்.

"ரெண்டு முறைப்பாடு வந்திருக்கு" என்றார் கமலாவதி. "ஒண்டு இந்தப் பிள்ளை தந்தது. அவர் காட்டுப் பறவைக்கு வலை கட்டுறாராம். மற்றது அவர் தந்தது. தன்ரை வீட்டு வாத்தைப் பிடிக்க இந்தப் பிள்ளை விடுகுதில்லையாம். நேற்றுத் தள்ளுமுள்ளு. அந்த முக்காலி அவர் தட்டி விட்டது. பின்னேரம் வனவிலங்கு அதிகாரிகள் வருவினம். அதுக்குப் பிறகு கதை என்ரை கையிலை இல்லை. காட்டுப் பறவை எண்டால் மனிசனைக் கொண்டுபோய் உள்ளுக்கை போட்டிடுவினம். நீர் பாத்துச் சொல்லும். எழுத்திலை தாரும்."

"அக்கா, நான் மாட்டுக்காரன்."

"கோழி, ஆடு, தாரா, வாத்து எல்லாம் உங்கடை கந்தோர் வேலைதானே? வேறை ஆரைக் கூப்பிடச் சொல்லுறீர்?"

தர்சினி மூச்சு விடாமல் சொன்னாள். ஆறில் ஐந்து வரித்தலை வாத்து. வடக்கே மலைகளுக்கு அப்பாலுள்ள ஏரிகளில் குஞ்சு பொரித்து, மாரிக்குத் தெற்கே வருபவை. யாழ்ப்பாணம்வரை வருவது அருமையிலும் அருமை. ஆறாவது வேறு. அது கலப்பு. ஒரு பக்கம் வரித்தலை, மறுபக்கம் சாம்பல் வாத்து என்ற இன்னொரு காட்டினம். "ரெண்டும் காட்டு வாத்து, சேர். நான் அறிய இலங்கையிலை ஒருத்தரும் இப்பிடி ஒண்டைக் காணேல்லை. கொழும்பிலையிருந்து பறவை பாக்கிற ஆக்கள் றெயின் ஏறிட்டினம்."

"பிள்ளை புத்தகத்தைப் பாத்துக் கதைக்குது" என்றார் கனிசியஸ். கண் வாத்துகளைவிட்டு அசையவில்லை. "தம்பி, ரெண்டு வருசத்துக்கு முன்னம் மார்கழிப் புயலுக்கை என்ரை மனிசி ஜெனிற்றா செத்துப் போட்டாள். அவளைச் சேமக்காலைக்குக் கொண்டுபோன அண்டைக்கு வெள்ளம் வளவுக்கை வந்து அவளின்ரை வாத்தையும் கொண்டு போட்டுது. ராணி எண்டு பேர். அது சாகேல்லை. எங்கையோ கரை சேந்து, உந்த வெளிநாட்டு வாத்து ஒண்டோடை கூடிக் குஞ்சு பொரிச்சிருக்கு. குஞ்சு வீடு தேடி வந்து நிக்குது. இதைவிட என்ன விளக்கம் வேணும்?"

சுதாகரன் முக்காலியை நிமிர்த்திச் சேற்றைத் துடைத்தார். தொலைநோக்கியைப் பூட்டித் தரச் சொல்லி, ஆறாவது வாத்து அவருக்கு முதுகைக் காட்டும்வரை காத்திருந்தார்.

ஐந்தையும் முதலில் பார்த்தார். வெண்தலை, பிடரியில் குறுக்கே இரண்டு கரும்பட்டை, கழுத்தோரம் நீளமாய் ஒரு வெள்ளைக் கோடு, மெலிந்த பின்பக்கம். பிறகு ஆறாவதுக்கு வந்தார். இரண்டு பட்டையும் இருந்தன. ஆனால் ஈரக் கையால் அழித்தவைபோல மங்கியிருந்தன. கழுத்து இறகுகள் உழுத சால்போல் ஆழமாய் வரிந்திருந்தன. அலகு தடிப்பு, இளஞ்சிவப்பு கலந்த செம்மஞ்சள். கால்களும் அதே நிறம். தர்சினி சொன்னது சரிபோலத்தான் இருந்தது.

அப்போது வாத்து திரும்பியது. கால்களுக்கு நடுவே வயிற்றுத் தோல் சிறிதாக மடிந்து தொங்கியது. இடது செட்டையில் மூன்று இறகு தூய வெள்ளை; வலது செட்டையில் ஒன்றுகூட இல்லை. ஒரு பக்கத்தில் மட்டும் இப்படி வெள்ளை விழுவதை மனிதர் வளர்க்கும் பிராணிகளில் அவர் ஆயிரம் தடவை கண்டிருக்கிறார். தலையைத் தூக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார், நேரத்தை இழுப்பதற்காக.

"முதுகைப் பாத்தாலே தெரியுது" என்றார் கனிசியஸ் பின்னாலிருந்து. "நீங்கள் கண்டிட்டியள். சொல்லுங்கோ. வீட்டு இரத்தம் இருக்கோ, இல்லையோ?"

நேரடியான கேள்வி. சுதாகரன் நிமிர்ந்தார். "இருக்கு."

"சேர்!" என்றாள் தர்சினி.

கனிசியஸ் எழுந்துவிட்டார். ஆறாவது வாத்து புல்லைக் கடித்தபடி வலையை நோக்கி நடந்துகொண்டிருந்தது. ஐந்தும் நீர்ப்பக்கமாக நிற்க, இது மட்டும் தனியே வந்தது. பத்து யார் தூரம். எட்டு. கனிசியஸ் கயிற்றைக் கட்டையிலிருந்து ஒரு சுற்றுக் கழற்றினார். முழங்கை நரம்பு புடைத்தது.

"அண்ணை, விடாதையுங்கோ" என்றார் சுதாகரன். "வீட்டு இரத்தம் எண்டு சொன்னன். ஆரின்ரை வீடு எண்டு நான் இன்னும் சொல்லேல்லை."

"இந்தக் கரையிலை என்னைத் தவிர ஆரிட்டை வாத்து நிக்குது?"

கமலாவதி இரண்டு அடி முன்னால் வந்து நின்றுவிட்டார். தர்சினி அழும் நிலையில் இருந்தாள்; ஒரு கல் எடுத்தெறிந்தால் வாத்துகள் பறந்துவிடும், கயிறும் அந்தக் கணமே விடுபடும் என்பது அவளுக்கும் தெரிந்திருந்தது. சுதாகரன் கனிசியஸுக்கு மிகக் கிட்டப் போனார். மாட்டோடு கதைக்கும் குரல்தான் வந்தது.

"உங்கடை வாத்துகளை எனக்குக் காட்டுங்கோ. எல்லாத்தையும். பாத்திட்டு உங்கடை எண்டு தெரிஞ்சால், நானே உங்களோடை நிண்டு பிடிச்சுத் தாறன். கையெழுத்தும் வைச்சுத் தாறன். இப்ப விட்டியள் எண்டால் நான் ஒண்டும் எழுத மாட்டன். பின்னேரம் அவை வந்து உங்களைத்தான் கொண்டு போவினம்."

வாத்து ஆறு யார் தூரத்தில் நின்றது. தலையைச் சரித்து வலையைப் பார்த்தது. பிறகு எதையோ நினைத்துக்கொண்டதுபோல மற்ற ஐந்தை நோக்கித் திரும்பி நடந்தது.

கனிசியஸ் கயிற்றை மறுபடி கட்டையில் சுற்றி முடிச்சுப் போட்டார். "நடவுங்கோ" என்றார்.

வீடு கூப்பிடு தூரத்தில். பின்வளவில், நண்டுக்கூடுகளுக்குப் பக்கத்தில், கம்பி வலை அடித்த பட்டியில் நாலு வாத்து நின்றன. அந்நியனைக் கண்டதும் கழுத்தை நீட்டிச் சீறின. கனிசியஸ் படலையைச் சாத்திவிட்டு அதன் மேலேயே சாய்ந்து நின்றார். வெளியே போகும் வழி அதுதான்.

சுதாகரன் பட்டியைச் சுற்றி நாலையும் பின்னாலிருந்து பார்த்தார். பிறகு உள்ளே போய் ஒன்றைக் கக்கத்தில் அணைத்துத் தூக்கினார். அது அவர் சட்டையைக் கடித்து இழுத்தது. நாலும் ஒரே வார்ப்பு. அலகு கன்னங்கறுப்பு. அலகும் நெற்றியும் சேரும் இடத்தில் கறுப்பாய் ஒரு குமிழ். உச்சந்தலையிலிருந்து முதுகுவரை கழுத்தின் பின்னால் மண்நிறத்தில் ஒரே கோடு. கழுத்து இறகு மழமழவென்று வழுவழுப்பு, சால் விழவில்லை.

வாத்தை இறக்கிவிட்டுக் கையைத் தட்டினார். மனத்துக்குள் விடை வந்துவிட்டது. இந்தக் கறுப்பும் கோடும் தாய்க்கோ தகப்பனுக்கோ இருந்தால் பிள்ளையில் ஏதாவது ஒரு மூலையில் ஒட்டியிருக்கும். வெளியே நிற்கும் அந்த வாத்தின் அலகில் கறுப்பு ஒரு பொட்டுக்கூட இல்லை, கழுத்தின் பின்னால் கோடும் இல்லை. அதன் வீட்டு இரத்தம் வேறு சாதி வாத்தினது.

"அண்ணை, உதுகளின்ரை பிள்ளை அது இல்லை."

கனிசியஸ் சாய்ந்தபடியே நின்றார். "உதுகளின்ரை பிள்ளை எண்டு ஆர் சொன்னது? உதுகளை நான் போன வருசம் வாங்கினது. ராணி உதுகள் மாதிரி இல்லை. அதின்ரை சொண்டு செம்மஞ்சள். வெளியிலை நிக்கிறதின்ரை மாதிரியே."

இந்த நாலை மட்டும் பார்த்து எழுதிக் கொடுத்திருந்தால், சுதாகரன் இதையும் அந்தக் காதுபோலத்தான் சொல்லி முடித்திருப்பார். ராணியின் அலகு செம்மஞ்சள் என்றால் எல்லாம் மாறும். கடைசியில் கிழவன் சொல்வதுதான் உண்மையாகவும் இருக்கலாம்.

"நல்லா நினைவிருக்கோ?"

"நான்தான் ரெண்டு நேரமும் தீன் வைச்சனான். எனக்குத் தெரியாதோ?" குரல் உயர்ந்தது. "வாத்தைத் திருடப் பாக்கிற மாதிரி எல்லாரும் கதைக்கிறியள். அந்த வீட்டிலை அவளின்ரை சாமான் எண்டு என்ன இருக்கு? ஒரு சீலைப் பெட்டி. வெள்ளம் மிச்சத்தைக் கொண்டு போட்டுது. அது ஒண்டு திரும்பி வந்து நிக்குது. நான் அதை வெட்டித் தின்னவோ போறன்?"

சுதாகரன் அந்த முகத்தைப் பார்த்தார். 'ஓம்' என்று ஒரு சொல் சொன்னால் போதும். யாரும் பொய் என்று நிறுவ முடியாது. ராணி இல்லை, கேட்பதற்கு எவரும் இல்லை. ஒரு கிழவன் சிறைக்குப் போகாமல் தப்புவார், இரவில் பட்டியில் ஒரு சத்தம் கேட்கும், அவ்வளவுதான். அதன் பிறகு அந்த வாத்தின் செட்டையை வெட்டுவார்கள். பங்குனியில் ஐந்தும் வடக்கே கிளம்பும்போது அது பட்டிக்குள் நின்று கழுத்தை நீட்டும். உண்மையைச் சொல்லி ஒரு வீட்டைக் கலைத்ததாகத்தான் சனம் அவரைப் பற்றிச் சொன்னது. ஆனால் அன்று அவர் சொன்னது உண்மையுமல்ல, பாதி பார்த்துவிட்டுச் சொன்னது.

"படம் ஏதும் இருக்கே, அண்ணை? ராணியின்ரை?"

கனிசியஸ் படலையை விட்டு விலகி வீட்டுக்குள் போனார். வெகு நேரம் வரவில்லை. வந்தபோது கையில் ஒரு பெண்களின் கைத்தொலைபேசி. உறையில் மாதாவின் படம். "அவளின்ரை. அதுக்கை எடுத்து வைச்சிருப்பாள். அவள் போன பிறகு நான் இதைப் போட்டுப் பாக்கேல்லை" என்றார்.

சார்ஜ் இல்லை. குசினியில் செருகிவிட்டு இருவரும் பக்கத்தில் நின்றார்கள். மணி பத்தரை. கமலாவதி இரண்டு முறை அழைத்தார். சுதாகரன் இரண்டு முறையும் எடுக்கவில்லை. கனிசியஸ் தேத்தண்ணி ஊற்றினார், கொடுக்க மறந்து கோப்பையைத் தன் கையிலேயே வைத்திருந்தார். திரையில் வெளிச்சம் வந்தபோது தேத்தண்ணி அவர் விரலில் சிந்தியது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

படங்கள் குறைவு. பேரப்பிள்ளையின் முதல் நன்மை, கோயில் பெருநாள், ஒரு பெரிய நண்டு. பிறகு ஒரு வீடியோ. கனிசியஸ் விரலை வைத்தார்.

இதே முற்றம், வெள்ளத்துக்கு முந்தியது. ஒருத்தி சிரிக்கிறாள், ஆள் தெரியவில்லை, கைதான் ஆடுகிறது. முன்னால் ஒரு வாத்து எதையோ கவ்விக்கொண்டு ஓடுகிறது. "ஏய் ராணி, செருப்பை விடடி! பூசைக்கு நேரமாகுது! இஞ்சாருங்கோ, பிடியுங்கோப்பா அதை!" பின்னால் ஓர் ஆணின் சிரிப்பு. பதினான்கு வினாடி. முடிந்தது.

கனிசியஸ் வாத்தைப் பார்க்கவேயில்லை. தொலைபேசியைக் காதோடு சேர்த்து வைத்து மறுபடி ஓடவிட்டார். மூன்றாம் முறையும் அப்படியே. சுதாகரன் சுவரைப் பார்த்தபடி நின்றார். கடைசி இரண்டு வினாடியில் வாத்து திரும்புவதை முதல் தடவையிலேயே அவர் கண்டுவிட்டார். அலகில் செருப்புவார். அந்த அலகின் நிறத்தையும் கண்டுவிட்டார்.

ஐந்தாம் முறையோ ஆறாம் முறையோ, கனிசியஸ் தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தார். விரலால் நிறுத்தினார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

"கறுப்பு" என்றார்.

அடுப்புப் பக்கம் பூனை ஒன்று எதையோ உருட்டியது.

"ரெண்டு வருசமா நான் செம்மஞ்சள் எண்டு நினைச்சுக்கொண்டு இருக்கிறன், தம்பி. குமிழும் இருக்கு. பாருங்கோ, சின்னனா இருக்கு."

"ஓம், அண்ணை."

"நீங்கள் முதலே கண்டிட்டியள்."

"ஓம்."

கனிசியஸ் தொலைபேசியை மறுபடி சார்ஜில் செருகினார். "நீங்கள் போங்கோ. நான் வாறன்."

கரைக்கு வந்தபோது தர்சினியும் கமலாவதியும் ஒரே குடையின் கீழ் நின்றார்கள். சுதாகரன் ஒரே மூச்சில் சொன்னார். ஆறாவதின் ஒரு பக்கம் வரித்தலை வாத்து, அதில் சந்தேகம் இல்லை. மறுபக்கம் வளர்ப்பு வாத்து. ஆனால் கனிசியஸ் வீட்டுக் கறுத்தச் சொண்டுச் சாதி இல்லை. சாம்பல் வாத்திலிருந்து மனிதர் பழக்கி எடுத்த சாதி. "உந்தக் காட்டு வாத்துகள் முட்டையிடுற இடத்திலை, எங்கையோ ஒரு ஏரிக்கரையிலை, ஆரின்ரையோ வளவிலை நிண்ட வாத்து. குஞ்சு மற்ற அஞ்சோடையும் பறந்து வந்திருக்கு. இஞ்சை பிறக்கேல்லை."

"தாய் எது, தகப்பன் எது?" என்றார் கமலாவதி, பேனையைத் திறந்தபடி.

"அது உதைப் பாத்துச் சொல்லேலாது, அக்கா. சொன்னால் பொய்."

தர்சினியின் முகம் சுருங்கியிருந்தது. "வீட்டு இரத்தம் எண்டு எழுதினால் அதைப் பதிவெண்டே எடுக்க மாட்டினம், சேர். அந்த மூண்டு வெள்ளை இறகு ஒரு காயத்தாலையும் வந்திருக்கலாமே?"

"இறகு காயத்தாலை வரலாம். வயித்து மடிப்பு?"

அவள் தொலைநோக்கிக்குள் குனிந்தாள். நெடுநேரம் பார்த்தாள். நிமிர்ந்ததும் தொலைபேசியை எடுத்தாள். கொழும்பு ஆட்களுக்கு எழுதினாள், அழித்தாள், திரும்ப எழுதினாள். "பிழைச்சுப் போச்சு எண்டு போடவே?"

"பாதி சரி எண்டு போடுங்கோ. நீங்கள் காணாட்டி நாங்கள் ஒருத்தரும் அதைப் பாத்திருக்கப் போறதில்லை, பிள்ளை."

அவள் அனுப்பிவிட்டுத் தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

கமலாவதியின் தாளில் 'உரிமையாளர்' என்று ஒரு கோடு இருந்தது. சுதாகரன் பேனையை வாங்கி அதில் 'ஒருவருமில்லை' என்று உறுப்பாக எழுதிக் கையெழுத்து வைத்தார். "சரி" என்றார் கமலாவதி. "ஆனால் சுதா, வலை இன்னும் நிக்குது. அவை வந்து வலையைக் கண்டால் இந்தத் தாள் அந்த மனிசனைக் காப்பாத்தாது."

அப்போதுதான் மூவரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் கதைத்துக்கொண்டிருந்த நேரத்தில் ஆறாவது வாத்து வலையின் கீழே வந்து நின்று மேய்ந்துகொண்டிருந்தது. சரியாக நடுவில். வாடைக்காற்று வலுத்திருந்தது, பந்தல் காற்றில் பொம்மியது, கம்புகள் சேற்றில் ஆடின. கட்டையில் போட்ட முடிச்சு ஒவ்வொரு இழுப்புக்கும் நெகிழ்ந்து வந்தது.

வயல் வரம்பால் கனிசியஸ் இறங்கி வந்தார். யாரையும் பார்க்கவில்லை. நேரே கட்டைக்குப் போய்க் குந்தினார். தர்சினி வாயைப் பொத்திக்கொண்டாள்.

காற்றின் இழுப்பில் முடிச்சு தானாக அவிழ்ந்தது. கயிறு பாய்வதற்குள் கனிசியஸ் இரண்டு கையாலும் அதைப் பிடித்தார். வலையின் பாரமும் காற்றின் பாரமும் சேர்ந்து அவரை முன்னால் இழுத்தன. குதிக்காலைச் சேற்றில் ஊன்றி மல்லாந்து சாய்ந்து நின்றார். சத்தம் போட்டு விரட்டினால் வாத்து மேலே எழும்பி வலையிலேயே சிக்கிக்கொள்ளும். தானாக நடந்து வெளியேறும்வரை பிடித்திருக்க வேண்டும். வாத்து அவசரப்படவில்லை. ஒரு புல்லைக் கடித்தது. மென்றது. பக்கத்துப் புல்லுக்குப் போனது. கனிசியஸின் பிடியில் கயிறு ஒரு விரற்கடை நழுவியது, வலையின் ஓரம் தாழ்ந்தது.

சுதாகரன் சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. முழுக்கால்சட்டையோடு சேற்றில் இறங்கி, சத்தம் எழாமல் ஒவ்வோர் அடியாக நடந்து போய், கிழவனின் முதுகுக்குப் பின்னால் நின்று, அவருடைய இரண்டு கைகளுக்கும் நடுவே தன் கைகளை வைத்துக் கயிற்றைப் பிடித்தார்.